வழக்கின் கடைசி நாளையும் படியுங்கள்: பழைய குற்றங்களை மீட்டுச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு வாரமலர்களின் ஆசிரியர்களுக்கும், யூடியூபிலும் ஒலித்தொடர்களிலும் பழைய இலங்கைக் குற்றங்களைத் தமிழில் சொல்லிவரும் இளம் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழுக்காகப் புதுக்கடை நீதிமன்றங்களில் நீண்டகாலம் செய்தி எழுதி ஓய்வுபெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரமலர்களின் நடுப்பக்கத்திலும், மற்ற நாட்களில் பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும், ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலைகளும் கொள்ளைகளும் மறுபடி பேசப்படுவதைப் பார்த்துவருகிறேன். சொல்பவர்களுட் பெரும்பாலானோர் அந்த வழக்குகள் நடந்த காலத்திற் பிறந்திருக்கவேயில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆதாரமும், பல வேளைகளில் ஒரே ஆதாரமும், பழைய பத்திரிகைதான். அந்தப் பத்திரிகையை எழுதிய தரப்பில் இருந்தவன் என்ற முறையில், அதைப் படிக்கும் விதத்தைப் பற்றி ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் காலத்தில் ரீட் அவனியூ என்று அழைக்கப்பட்ட பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போய், கட்டித் தொகுத்த பத்திரிகைத் தொகுதி ஒன்றை மேசையில் விரித்து, கைபட்டால் ஓரம் உதிரும் தாளை மெதுவாகப் புரட்டி, ஒரு பெயருக்காகப் பத்தி பத்தியாகக் கண்ணால் துழாவுவதற்குப் பொறுமை வேண்டும். பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் ஆனது. அதிலுள்ள அமிலமே நாளடைவில் அதனை மஞ்சளாக்கி நொறுங்கவைக்கிறது, மீதியைக் கொழும்பின் ஈரக்காற்றுப் பார்த்துக்கொள்கிறது. தையலுக்குள் அகப்பட்ட உட்பத்தியில் வரிகளின் ஓரத்து எழுத்துகள் மறைந்திருக்கும். இந்நகரின் ஒரு நூலகத்தில் நான் புரட்டிய தொகுதியில், பேர்பெற்ற வழக்கொன்றின் தீர்ப்பு வெளிவந்த நாளின் முதற்பக்கத்தில், படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சவர அலகால் வெட்டியெடுத்த சதுர ஓட்டை மாத்திரம் இருந்தது. தாளின் மறுபக்கத்தில் இருந்த சந்தைவிலை விபரமும் அதனோடு போய்விட்டது. இவ்வளவையும் தாண்டி ஒரு வழக்கைத் தேடி எடுப்பவரை நான் மதிக்கிறேன்.

என்னுடைய முறைப்பாடு அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. உங்கள் தொடர்களிற் பலவற்றில் சடலம் கண்டெடுக்கப்படுகிறது, பொலிஸ் நாய் வருகிறது, ஒருவர் கைதுசெய்யப்படுகிறார், அத்துடன் பின்னணி இசை உயர்ந்து கதை முடிந்துவிடுகிறது. அதன் பின் நீதிமன்றத்தில் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நடந்தது ஒற்றை வாக்கியத்தில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. கைதானவர் பின்னர் விடுதலையானாரா, தண்டனை பெற்றாரா, பெற்ற தண்டனை மேன்முறையீட்டில் நின்றதா என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. ஆனால் கைதானவரின் பெயர் தெரிகிறது. அவருடைய படமும் தெரிகிறது.

டஃப் ஹவுஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1933 ஒக்டோபரில் கொழும்பில், வசதியான ஒரு குடும்பத்து வீட்டில் பெண்ணொருவர் இறந்துகிடந்தார். குளோரோஃபோம் கொடுத்து அவரைக் கொன்றதாகக் கணவர் ஸ்டீபன் செனவிரத்ன மீது குற்றஞ் சுமத்தப்பட்டது. 1934இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்த ஆண்டின் பத்திரிகைகளை மட்டும் புரட்டுகிறவர் மனைவியைக் கொன்றவரின் கதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அக்காலத்தில் இலங்கை வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1936இல் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. விசாரணை நடத்தப்பட்ட விதத்தையும் ஜூரிமாருக்கு நீதிபதி வழிகாட்டிய விதத்தையும் அது கண்டித்தது. இலங்கையில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1938இல்தான் சட்டமாக்கப்பட்டது; அதற்கு முன் ஜூரியின் தீர்ப்பால் தண்டிக்கப்பட்டவருக்கு இலண்டனைத் தவிரப் பெரிதாக வேறு வழியிருக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றிப் பேசும் ஒருவர் 1934ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் பார்த்துவிட்டு 1936ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டு வாங்காமற் போவாரேயானால், சட்டம் நிரபராதியென விட்ட ஒருவரை இரண்டாந் தடவையாகக் கொலைகாரர் ஆக்குகிறார்.

சதாசிவம் வழக்கு இன்னும் நுட்பமானது; தமிழர் வீடுகளில் இன்றுவரை பேசப்படுவதும்கூட. கிரிக்கெட் ஆட்டத்தில் இலங்கை கண்ட மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவரென்று சொல்லப்படும் மகாதேவா சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி, சென்ற் அல்பன்ஸ் பிளேஸிலுள்ள வீட்டிற் கொல்லப்பட்டார். அன்றே கணவர் கைதானார். வீட்டில் வேலைக்கிருந்த வில்லியம் என்ற இளைஞர் காணாமற் போயிருந்தார். சில நாட்களுக்குப் பின் பிடிபட்டார். பின்னர் சட்டமா அதிபர் நிபந்தனையுடனான மன்னிப்பு வழங்கி அவரை அரச தரப்புச் சாட்சியாக்கினார். 1953இல் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் ஜூரி விசாரணை 57 நாட்கள் நடந்தது. எதிரியான, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரான, சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மரணம் எத்தனை மணிக்கு நிகழ்ந்தது என்பதே வழக்கின் அச்சாணி. அதைப் பற்றிக் கருத்துக் கூற எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் வரவழைக்கப்பட்டார். ஜூன் 25ஆம் திகதி ஜூரிமார் ஏகமனதாகக் குற்றவாளியல்ல என்றனர். அதுவரை இருபது மாதங்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார்.

இப்போது அந்த ஆண்டுகளின் தொகுதிகளை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்து இதழ்களை மட்டும் படித்தவருக்கு ஒரு கதை கிடைக்கும். வில்லியம் பிடிபட்டதன் பின்னரான இதழ்களில் வேறொரு கதை. அவர் அரச தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறிய நாட்களில் அது இன்னொரு திருப்பம் எடுக்கிறது. குறுக்கு விசாரணையிலும் மருத்துவச் சாட்சியத்திலும் அத்தனையும் ஆட்டங்காண்கிறது. ஒவ்வொரு நாளின் பத்திரிகையும் அந்த நாளளவில் நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றை மட்டும் கத்தரித்தெடுத்து, அதுவே வழக்கு என்று காட்டும்போதுதான் பொய் நுழைகிறது. காட்சித்துண்டு ஒன்றில் அவரை இன்றும் "தப்பித்துக்கொண்ட கணவர்" என்ற தோரணையில் விவரிப்பதைக் கேட்டேன். 57 நாட்கள் சாட்சியம் கேட்டவர்களைவிட அந்தக் காட்சித்துண்டைத் தயாரித்தவருக்கு அதிகம் தெரிந்திருக்க என்ன வழியிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அரசியல் வழக்குகளிலும் இதே கதைதான். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்ட வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை எல்லாரும் சொல்கிறார்கள். மேன்முறையீட்டில் புத்தரக்கித தேரர் உட்பட இருவரின் தண்டனை ஆயுட் சிறையாகக் குறைக்கப்பட்டதையும், 1962இல் தூக்கிலிடப்பட்டவர் சோமாராம ஒருவரே என்பதையும் சொல்பவர்கள் குறைவு. நாடறிந்த வழக்கிலேயே நிலைமை இதுவென்றால், பெயர் தெரியாத ஏழைகளின் வழக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வழக்கு எப்போது எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரிந்தால் தேடுவது பாதி முடிந்தமாதிரி. 1974க்கு முன் நடந்த ஒரு கொலையானால், சம்பவச் செய்தியை அடுத்து ஓரிரு நாட்களில் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை வரும். பின்னர் நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையல்லாத விசாரணை, அதாவது வழக்கை மேல் விசாரணைக்கு அனுப்பப் போதிய சாட்சியம் உண்டா என்று பார்க்கும் விசாரணை. இது வாரக்கணக்கில் ஒத்திவைத்து ஒத்திவைத்து நடக்கும், பத்திரிகையிலும் விட்டுவிட்டு வரும். நீதவான் மேல் விசாரணைக்கு அனுப்பிய பின் பல மாத மௌனம். அந்த மௌனத்தைக் கண்டு வழக்குக் கைவிடப்பட்டதென்று முடிவுகட்டி விடாதீர்கள். பாரிய குற்றங்களை விசாரிக்கத் தவணைமுறையிற் கூடும் அசைஸ் நீதிமன்றத்தின் அடுத்த அமர்வுக்காக அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். அசைஸில் ஜூரிமார் முன் விசாரணை நாள்தோறும் நடக்கும், பத்திரிகையிலும் நாள்தோறும் வரும். தீர்ப்புக்குப் பின் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம். 1971 வரை அதற்கும் மேலே பிரிவி கவுன்சில். மரண தண்டனை உறுதியானால் கடைசிச் செய்தி வெலிக்கடைச் சிறையிலிருந்தோ போகம்பரைச் சிறையிலிருந்தோ வரும். இந்நாட்டில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 ஜூனில். 1974இல் நீதிமன்ற அமைப்பு மாற்றப்பட்டது. 1978இன் பின்னான கொலை வழக்குகளுக்கு மேல் நீதிமன்றச் செய்திகளைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடத்தை நான் மறைக்கப் போவதில்லை. கைதுச் செய்திக்கு முதற்பக்கத்தில் நாலு பத்தி கொடுத்த பத்திரிகையே விடுதலைச் செய்தியை ஏழாம் பக்கத்தில் விளம்பரத்துக்கு அடியில் மூன்று அங்குலத்தில் முடித்துவிடுவது வழக்கம். பொலிஸ் பதிவேட்டைப் பார்த்து எழுதுவது எளிது. ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பாகப் போகும் வழக்கைக் கடைசிவரை பின்தொடர எந்தப் பத்திரிகையிடமும் போதிய நிருபர்கள் இருந்ததில்லை. நீதவான் முன்னிலையில் சத்தமில்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அச்சேறாமலே போனதுண்டு. ஆகவே பத்திரிகையில் முடிவு கிடைக்கவில்லையென்றால் சட்ட அறிக்கைகளைப் பாருங்கள். நியூ லோ ரிப்போர்ட்ஸ் தொகுதிகள் சட்ட நூலகங்களில் மட்டுமன்றி இணையத்திலும் கிடைக்கின்றன. மேன்முறையீட்டுக்குச் சென்று முக்கியமெனக் கருதப்பட்ட வழக்குகளே அவற்றில் இடம்பெறும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டிலும் முடிவு கிடைக்காவிட்டால், முடிவு கிடைக்கவில்லை என்பதையே நேயர்களிடம் சொல்லுங்கள். அது கதையின் சுவையைக் கெடுத்துவிடுமென்று நான் நினைக்கவில்லை.

இனி ஒரு குறிப்பிட்ட வாசகத்தைப் பற்றி. "சந்தேக நபர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர்" என்று பழைய பத்திரிகைகள் எங்கும் காணப்படும். உங்கள் தொடர்களில் இவ்வாசகம் வந்த உடனே வழக்கு முடிந்துவிடுகிறது. "அவரே ஒப்புக்கொண்டார்" என்று அழுத்திச் சொல்கிறீர்கள். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கெதிராக நிரூபிக்க முடியாது. காவலறையில் என்ன நடக்கக்கூடும் என்று அறிந்துதான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது. நீதிமன்றமே காதில் வாங்க மறுக்கும் ஒன்றை, எழுபது வருடங்களுக்குப் பின் நாம் ஏன் முழு நம்பிக்கையோடு மறுபடி ஒலிபரப்ப வேண்டும்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தப் பாதுகாப்பை நீக்கி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்த ஒப்புதலை ஏற்க வழிசெய்தது. அதனால் என்ன விளைந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டுகளின் செய்திகளில் "ஒப்புதல்" என்று வரும் இடங்களை இரட்டிப்பு எச்சரிக்கையோடு படியுங்கள்.

மூன்று பத்திரிகைகளில் ஒரே விபரம் வந்திருப்பதைக் காட்டி "உறுதியாகிறது" என்று சொல்வதையும் கேட்கிறேன். புதுக்கடையில் ஒரே காலையில் பல நீதிமன்றங்கள் கூடும். ஒரு நிருபர் எல்லாவற்றிலும் உட்கார முடியாது. ஒருவர் ஒரு நீதிமன்றத்தில் இருப்பார், இன்னொருவர் மற்றொன்றில். மதிய இடைவேளையில் தேநீர்க்கடையில் குறிப்புப் புத்தகங்கள் கைமாறும். ஒருவர் "37 வயது" என்பதை "27" என்று எழுதிக்கொண்டால் மறுநாள் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அவருக்கு 27 வயதுதான். வெளியூர்ச் செய்திகளை அனுப்பிய பகுதிநேர நிருபர்களுக்கு அங்குலக் கணக்கிற் கொடுப்பனவு செய்த காலமொன்றும் இருந்தது; செய்தி நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். தலைப்புப் போட்டவரோ நீதிமன்றத்தின் வாசற்படியைக்கூட மிதித்திராத உதவியாசிரியர். சிங்கப்பூரிலோ அவுஸ்திரேலியாவிலோ வெளிவந்த பத்திரிகையில் இலங்கை வழக்கொன்றைப் பற்றிய செய்தி அகப்பட்டால் அது தனிச் சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து தந்தியிற் போன அதே செய்தியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உண்மையிலேயே ஒத்துப்பார்க்க விரும்பினால், ஒன்றையொன்று பார்த்து எழுதியிருக்க முடியாத இரண்டைத் தேடுங்கள்: திடீர் மரண விசாரணையின் செய்தியையும் பின்னாளைய குறுக்கு விசாரணையின் செய்தியையும் அருகருகே வையுங்கள். அவை முரண்படும் இடத்தில்தான் வழக்கு இருக்கிறது.

பழைய செய்திகளில் மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல்களை நடிகர்களைக் கொண்டு பேசவைக்கிறீர்கள். அந்நாளில் உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்தன. கூலித்தொழிலாளி தமிழிற் சொன்னதை நீதிமன்ற முதலியார் ஆங்கிலமாக்க, சட்டத்தரணி அதை மடக்கிக் கேட்க, நிருபர் குறிப்பெடுத்து மீண்டும் தமிழில் எழுத, அச்சுக்கூடத்தில் இடமில்லையென்று பாதி வெட்டப்பட, எஞ்சியதே நீங்கள் படிப்பது. அவர் சொன்னதன் சாரம் அதிலிருக்கும், அவருடைய குரல் இராது. சாரத்தைச் சொல்லுங்கள், நடித்துக் காட்டாதீர்கள்.

திகதிகளில் மாத்திரம் ஒரு சிறு கவனம் போதும். செய்தியில் "நேற்று" என்றிருந்தால் அது நிருபர் எழுதிய நாளுக்கு முந்திய நாள். வெளியூரிலிருந்து வந்த செய்தி அச்சேற இரண்டு மூன்று நாட்கள் ஆகியிருக்கும். இரவு அஞ்சல் ரயிலுக்காக முந்தி அச்சான வெளியூர்ப் பதிப்பில் இல்லாத செய்தி நகரப் பதிப்பில் இருக்கலாம். தொகுதியில் கட்டப்பட்டிருப்பது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எந்தப் பத்திரிகை என்பதும் முக்கியம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டவை அண்டிய முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அடுத்த ஆண்டு ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார். அதற்காகத் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். இவ்விரண்டையும் தோட்டத்துரைமாரும் வர்த்தகர்களும் படித்த ஆங்கிலப் பத்திரிகையை மட்டும் வைத்துச் சொன்னால் என்ன ஆகுமென்பதை ஊகிப்பது கடினமல்ல. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் அந்நாட்களில் வெளிவந்துகொண்டிருந்தன. ஆங்கிலப் பிரதிகள் எளிதில் தேடக்கூடியவாறு கிடைப்பதால் தமிழ்ப் பத்திரிகையைத் தேடாமலே தமிழ்த் தொடர் தயாரிக்கும் விந்தையும் நடக்கிறது. மலையகத்து வழக்குகளைச் சொல்பவர்கள் இரண்டையும் படிக்காமற் பேசக்கூடாதென்றே நான் கருதுகிறேன்.

பத்திரிகை பேசாத நாட்களும் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி இராணுவத்தினராற் கொல்லப்பட்டார். அவசரகாலத் தணிக்கை நிலவிய அந்நாட்களின் இதழ்களைவிட, பின்னாளில் அவ்வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோதைய இதழ்களே நமக்குப் பயன்படும். 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஊரடங்கும் தணிக்கையும் இருந்த அந்த வாரத்துக் கொழும்புப் பத்திரிகைகளில் எவ்வளவு இடம் அதற்குக் கிடைத்தது என்பதைப் பார்த்து அச்சம்பவத்தின் பாரத்தை யாரும் அளக்க முடியாது. அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை; நான் மேலே சொன்ன "கடைசி நாள்" அந்த வழக்குக்கு இன்னும் வரவேயில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. வடபகுதி வழக்கொன்றைத் தேடுபவருக்கு ஒரு செய்தி கிடைக்கவில்லையென்றால், அது அச்சாகவில்லை என்றும் இருக்கலாம், அச்சானது எரிந்தது என்றும் இருக்கலாம். 2005 முதல் நூலக நிறுவனம் எங்கெங்கோ கிடந்த பிரதிகளைச் சேர்த்து இணையத்தில் ஏற்றிவருவது இந்த வகையில் பெரிய உதவி. ஆனால் அங்கே வைக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் பக்கங்களின் படம். பெயரைத் தட்டச்சுச் செய்து தேடினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பழைய அச்செழுத்துகளின் ணை, லை, றா வடிவங்களை இயந்திரம் இன்றும் தடுமாறியே படிக்கிறது. திகதியைக் கண்டுபிடித்துப் பக்கத்தைக் கண்ணாற் படிப்பதே இன்னும் நம்பகமான வழி.

தெருப்பெயர்கள் மாறியிருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். டரட் வீதி இப்போது தர்மபால மாவத்தை. புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை. கிரீன் பாத் பின்னர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஆனது. இதை நான் சொல்வது சம்பவ இடத்தை நீங்கள் சரியாகக் குறிப்பிடுவதற்காக. அங்கே போய்ப் படம்பிடிப்பதற்காக அல்ல. பழைய கொலை நடந்த வீடென்று ஒரு தெருவில் கமராவோடு நின்று வீட்டிலக்கம் தெரியக் காட்டிய ஒரு தொடரைப் பார்த்தேன். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு அந்தக் கொலையோடு எந்தத் தொடர்புமில்லை. கேற்றுக்கு வெளியே அந்நியர்கள் நின்று கைகாட்டிப் பேசுவதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கடமையும் அவர்களுக்கில்லை.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாளைய பத்திரிகைகள் வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணின் பெயர், ஊர், தந்தையின் தொழில், சில வேளைகளில் சாதி உட்பட எல்லாவற்றையும் அச்சிட்டன. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டதிலிருந்து அத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளங்காட்டி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். பழைய பத்திரிகையில் இருந்தது என்பது அதற்குச் சமாதானமாகாது. சந்தேகத்திற் கைதாகி விடுவிக்கப்பட்டவர்கள், சிறுபிள்ளைகளாகச் சாட்சி சொன்னவர்கள் ஆகியோரின் பெயர்களும் கதைக்குத் தேவைப்படுவதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் உங்கள் காட்சித்துண்டு அவர்களுக்கும் வந்துசேருகிறது.

இன்னொன்று. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி கொலைக்கு வழக்குத் தொடரும் உரிமை காலத்தால் அற்றுப்போவதில்லை. மற்றைய குற்றங்களுக்கே பொதுவாக இருபது ஆண்டு வரையறை. தீர்க்கப்படாத கொலையொன்றைப் பற்றித் தேடும்போது, அக்காலத்தில் எவரும் கவனியாத ஒரு பெயரோ ஒரு முரண்பாடோ உங்கள் கண்ணிற் படலாம். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான திருப்புமுனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையுடன் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடமோ சட்டமா அதிபரிடமோ எழுத்திற் கொடுங்கள். அந்தச் செய்தித்தாள் நீதிமன்றத்தில், இன்ன நாளில் இன்னது அச்சானது என்பதற்கு அப்பால் பெரிதாக எதையும் நிரூபிக்காது. ஆனால் உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரைத் தேடிப்போக அது வழிகாட்டும். அந்தச் சாட்சி உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்த பின்னர் சொல்வதற்கும் பார்க்காமற் சொல்வதற்கும் வித்தியாசமிருக்கிறது.

வாரமலர் ஆசிரியர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள். இளம் எழுத்தாளர் ஒருவர் பழைய வழக்கைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தால், எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, எத்தனையாம் பக்கம் என்று கேளுங்கள். வழக்கு முடிந்த திகதியையும் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரின் கட்டுரையை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடுவதால் உங்கள் விற்பனை குறையப் போவதில்லை. உங்கள் சொந்த அலுவலகங்களில் இருக்கும் பழைய தொகுதிகளை அவர்கள் வந்து பார்க்க ஒரு மேசையும் ஒரு நேரமும் ஒதுக்கிக் கொடுப்பீர்களானால், அவர்கள் எங்கோ யாரோ முகநூலில் போட்ட கத்தரிப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை.

காணொளித் தொடர் செய்யும் நண்பர்களிடம் கேட்பது இதைவிட எளிது. வழக்கின் முடிவை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். விடுதலையானவர் என்றால் விடுதலையானவர் என்று, பெயர் முதன்முதல் வரும் இடத்திலேயே. ஏற்கெனவே வெளியிட்டவற்றில் முடிவு சொல்லப்படாதவை எவையென்று உங்களுக்குத் தெரியும். அவற்றின் கீழுள்ள விளக்கக் குறிப்பில் தீர்ப்பின் திகதியையும் தீர்ப்பையும் மேன்முறையீட்டின் முடிவையும் சேர்த்து, முகப்புப் படத்தில் "கொலைகாரன்" என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். இதற்குப் புதிய படப்பிடிப்பு எதுவும் தேவையில்லை. டஃப் ஹவுஸ், சதாசிவம் வழக்குகளைப் பற்றிய காட்சித்துண்டுகளிலிருந்து தொடங்கலாம். அவ்விரண்டின் தீர்ப்பு ஆண்டுகளையும் மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற நிருபர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.